குள்ளம்மாவுக்கு பஸ் ஒத்துக்காது

அந்த பிளாஸ்டிக் கவரைக் கையிலேயே வச்சுக்கிட்டு நீ ஓரமா உக்காரு கண்ணு. இவ ஜன்னலோரமே கெடக்கட்டும். அடுத்த வளைவு வந்தா மறுபடி ஆரம்பிச்சுருவா. இன்னும் பாதி மலைகூட எறங்கல, அதுக்குள்ள குடல் வெளிய வந்துருச்சு இவளுக்கு. பேரு குள்ளம்மா. ஆளைப் பாரு, பந்தக்கால் மாதிரி. பேரு வச்சவனுக்குக் கண்ணு தெரியாது போல.

எனக்குச் சொந்தமா? நல்லாக் கேட்ட போ. இவ மலைக்காரி. தொம்பக்கல்லுன்னு ஒரு ஊரு, ரோட்டுலேர்ந்து எறங்கி ஓடையைத் தாண்டணும், வெயில் காலத்துலதான் ஜீப்பு போகும். நான் கீழ்நாட்டுக்காரி. மலையில ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்சு. பேரு வத்சலா. ஆனா அந்தப் பேரு மலையில ஒருத்திக்கும் தெரியாது. நர்சம்மாதான். அதுவும் எப்படி, "நர்சம்மா, நீ வா, நீ உக்காரு." கலெக்டரே வந்தாலும் நீதான், வாதான். மரியாதைங்கிறது இந்த மலை ஏறவே இல்ல.

நான் டவுனுக்கு ஒரு மீட்டிங்குக்குப் போறேன். இவ சும்மா கூட வர்றா. நான் ஒண்ணும் கூப்பிடல.

நீ என்ன வேலையா மலைக்கு வந்த? பையில இத்தனை நோட்டு. ஆராய்ச்சியா? என்ன ஆராய்ச்சி? மலைவாழ் பெண்கள் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வராததன் காரணங்கள். அடேயப்பா. இதுக்கு ஒரு படிப்பு, படிப்புக்கு ஒரு பட்டம், பட்டத்துக்கு ஒரு உதவித்தொகை. வந்த அன்னைக்கே என்னைக் கேட்டிருந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லி அனுப்பியிருப்பேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. அவ்வளவுதான் காரணம். எழுதிக்கோ.

இவ காதுல விழுந்தா விழட்டும். இவகிட்ட நான் நேராவே சொல்லியிருக்கேன். சிரிப்பா. அது ஒண்ணுதான் தெரியும்.

விவரமாக் கேளு. போன வருஷம் மழைக்கு முந்தி மேலேர்ந்து உத்தரவு வந்துச்சு, முப்பது வயசு தாண்டின பொம்பளை ஒருத்தி விடாம பாக்கணும்னு. மேல இருக்கிறவங்களுக்கு என்ன, ஏசி ரூம்ல உக்காந்து உத்தரவு போடுவாங்க. ஊருக்குத்தான் உபதேசம். நான் அப்படியில்ல. எடுத்தா ஒழுங்கா எடுக்கணும். தொம்பக்கல் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டேன். வாசல்ல பந்தல், பந்தல் முன்னாடி பேனர். பேனர்ல அதிகாரிங்க மூஞ்சி வரிசையா, நடுவுல கர்ப்பப்பை படம் பெருசா, எது எங்க இருக்குன்னு அம்புக்குறி போட்டு. அந்த அம்புக்குறி என் யோசனை. படிக்காத சனத்துக்குப் புரியணும்ல.

ஜீப்புல மைக் கட்டி நானே தெருத்தெருவாப் பேசினேன். எனக்குத் தொண்டை கணீர்னு இருக்கும். வெள்ளைப்படுதல் உள்ள பெண்களே, இடையில் ரத்தம் படும் பெண்களே, கூச்சப்படாமல் வாருங்கள்னு. அது மட்டுமில்ல, பேரு தெரிஞ்சவளுகளைப் பேரு சொல்லியே கூப்பிட்டேன். இவ வீட்டு வாசல்ல ஜீப்பை நிறுத்தி, "குள்ளம்மா, உனக்குத்தான் சொல்றேன், வா"ன்னேன். ஒரு அக்கறைதானே? எந்த நர்சு அப்படிப் பேரு சொல்லிக் கூப்பிடுவா?

வந்தது யாரு தெரியுமா? ஆம்பளைங்க. சுண்டல் உண்டுன்னு மைக்குல சொல்லியிருந்தோம், அதுக்கு. பந்தல்ல போட்ட நாற்காலி பூரா ஆம்பளைங்க கால்மேல கால் போட்டு உக்காந்து, சுண்டலைத் தின்னுக்கிட்டு, அந்த அம்புக்குறியை ஒருத்தனுக்கொருத்தன் விளக்கிக்கிட்டிருந்தானுங்க. பொம்பளை ஒருத்தி வரல. தண்ணிக்குப் போனவளுககூட பள்ளிக்கூடத்தைச் சுத்திக்கிட்டுப் போனாளுக. எங்கூட அபிதான்னு ஒரு பொண்ணு, ஒப்பந்தத்துல வந்த நர்சு, படிப்பு முடிச்ச ஈரம் காயல. அது எங்கிட்ட சொல்லுது, "மேடம், உள்ள போறவ யாரு, எவன் பொண்டாட்டின்னு எண்ணிக்கிட்டு இத்தனை பேர் உக்காந்திருந்தா எவ வருவா?" எனக்கு வந்துச்சு பாரு கோவம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வர்றவளுக்கு நாற்காலி ஒரு கேடா?

வெக்கமாம். உடம்புல அதுவும் ஒரு உறுப்பு, கை மாதிரி கால் மாதிரி. பல்லு வலிச்சா வாயைத் தெறக்கிறதில்லையா? எனக்கெல்லாம் அந்த மாதிரி கூச்சமே கெடையாது. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம் கண்ணு, முன்சீட்டுல உக்காந்திருக்காரே வழுக்கைத்தலை, அவரு எங்க வீட்டுக்காரருக்குப் பழக்கம்.

அப்புறம் ஒரு சந்தை நாள்ல இவ நெலையத்துக்கு வந்தா. தேன் வித்துட்டுப் போற வழியில. நான் பிடிபிடின்னு பிடிச்சேன். ஊருக்காக உசுரை விட்டு முகாம் போட்டா மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களேடின்னு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னா. நான் மூச்சு வாங்க நிறுத்தினப்ப சொன்னா, "நர்சம்மா, நீ தூரக் குடிசைக்கு வா. அங்க எந்த ஆம்பளையும் வர மாட்டான்."

தூரக் குடிசை தெரியும்ல உனக்கு? மாசாமாசம் வீட்டுக்குத் தூரமான பொம்பளைங்க போய்த் தங்குறது. ஊருக்கு வெளிய, ஓடைக்கு இந்தப் பக்கம். குனிஞ்சுதான் நுழையணும். கூரை ஒழுகும், பாம்பு வரும். இந்தக் காலத்துலயும் அதைக் கட்டிக்கிட்டு அழுதுங்க. நாங்க கீழ்நாட்டுல அதையெல்லாம் எப்பவோ விட்டாச்சு. எனக்குத் தூரம் இருந்தப்ப எங்க வீட்டுல நான் பூஜை ரூமுக்குத்தான் போக மாட்டேன், பாயைத் தனியாப் போட்டுக்குவேன், தட்டு டம்ளர் தனி. அவ்வளவுதான். அது சுத்தம், வேற விசயம்.

அந்தக் குடிசையில இன்னொரு கூத்து உண்டு. உள்ள ஒருத்தி மட்டும் தனியா இருக்கிற மாதிரி ஆயிட்டா, ஊருலேர்ந்து இன்னொருத்தி துணைக்கு வந்து படுத்துக்குவா. அவளுக்குத் தூரம் இருக்காது, ஒண்ணும் இருக்காது. சும்மாவே வந்து உக்காந்துக்குவா. அவளும் தீட்டாயிருவா, அவளும் ஓடையில குளிச்சுட்டுத்தான் ஊருக்குள்ள போகணும். கூடப் போனவதான் கூட்டியாந்து விடணும்னு ஒரு சட்டம். வேலை செய்யாம படுத்துக் கெடக்க ஒரு சாக்கு, வேறென்ன. நான் இவகிட்ட கேட்டேன், உனக்குத்தான் ஒண்ணுமில்லையே, அப்புறம் எதுக்குடி நீ போய்ப் படுக்கிறன்னு. "அவ இருக்காளே"ங்கிறா. இதுக்கு என்ன அர்த்தம்? ஒரு கேள்விக்கு ஒழுங்கா ஒரு பதில் வராது இவளுககிட்ட.

பிடி பிடி, கவரைக் குடு அவகிட்ட. ம். ஆச்சா? வாயைத் துடைச்சுக்கோ. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வா, கீழ போட்டுறாத. ஜன்னலை நல்லாத் தெற.

இவளோட ஓரகத்தி ஒருத்தி, வெள்ளச்சின்னு பேரு. இவ புருசனோட தம்பி பொண்டாட்டி. அதுக்கு முந்தின வருஷத்து மழைக்காலத்துல அவ அந்தக் குடிசைக்குப் போனவ போனவதான். ரத்தம் நிக்கல. நிக்காத வரைக்கும் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டமாச்சே. மாசம் ஒண்ணு போச்சு, அடுத்ததும் போச்சு, அவ அங்கேயே. நான் தடுப்பூசி போட அந்த மழையில போயிருக்கேன். ரோட்டுலேர்ந்து பாத்தாலே குடிசை தெரியும். உள்ள யாருன்னு கேட்டேன். வெள்ளச்சின்னாங்க. போன தடவை வந்தப்பவும் அவதானே இருந்தான்னேன். சூடு, நிக்கலைன்னாங்க. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தனுப்பினேன். அதுக்கு மேல நான் என்ன செய்யணும், ஓடைச் சேத்துல எறங்கி உள்ள போய்ப் பாக்கணுமா? அவ வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்ல? எதைக் கேட்டாலும் சூடு, சூடு. என்னமோ வேரை அரைச்சுக் குடிச்சாளாம். மழை விட்டப்புறம் போர்வையில கட்டித் தூக்கிக்கிட்டு வந்தாங்க. தும்பை விட்டு வாலைப் பிடிச்சா ஆகுமா? டவுன் ஆஸ்பத்திரியில பாத்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க.

அந்த மழை பூரா இவ அந்தக் குடிசையில வெள்ளச்சி கூடக் கெடந்திருக்கா. வீட்டுல சமைக்கல, காட்டுக்குப் போகல, புருசன் ஏசியிருக்கான். இவளுக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா. அவ இருக்காளேன்னு.

சரி, அதை விடு. அபிதா பிடிச்சுக்கிட்டா. போவோம் மேடம், குடிசையா இருந்தா என்ன, பொம்பளைங்க வருவாங்கள்லன்னு. எடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குறதுன்னா இதுதான். முகாமை அவளுக எங்க கேக்குறாளுகளோ அங்க நடத்தணுமாம். ஆனா மேல கணக்குக் காட்டணுமே. போனேன்.

போய்ப் பாத்தா, ஊருல பாதிப் பொம்பளைங்க உள்ள. தூரமானவளுக கொஞ்சம், மிச்சமெல்லாம் துணைக்கு வந்தோம்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்காளுக. ஒரே நாள்ல ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் தூரமாயிட்டாளுகளான்னு ஆம்பளைங்க குழம்பிப்போய் ஓடைக்கு அந்தாண்ட நிக்கிறானுங்க. ஒருத்தன் தண்ணியில கால் வைக்கல. மைக் போட்டுக் கூப்பிட்டப்ப எட்டிப் பாக்காதவளுக, இங்க ஒருத்திமேல ஒருத்தி சாஞ்சுக்கிட்டு, வெத்தலை போட்டுக்கிட்டு, என்னா சிரிப்பு, என்னா பேச்சு. எனக்கு எரிஞ்சுச்சு.

ஒரு பலகையைக் கல்லுமேல போட்டோம். அதுமேல ரப்பர் சீட்டு. அபிதா பாக்கிறதுன்னு பேச்சு, நான் விளக்கம் சொல்றதுன்னு பேச்சு. நல்லாவே சொன்னேன். இதுல வலி கெடையாது. ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் மாதிரி ஒரு தண்ணியைப் பஞ்சுல தொட்டு வைப்போம். கெட்ட எடம் இருந்தா வெள்ளையாத் தெரியும். அது புத்துநோயுன்னு அர்த்தமில்ல, மேல பாக்கணும்னு அர்த்தம். ஆரம்பத்துல கண்டுபிடிச்சா லேசா சரி பண்ணிரலாம். பயந்துக்கிட்டு ஒளிஞ்சு கெடந்தாத்தான் சாவு. வெள்ளச்சியை நெனச்சுப் பாருங்கன்னேன். அந்தப் பேரைச் சொன்னதும் சிரிப்பு நின்னு போச்சு.

அப்ப இவ கேட்டா. "நீ பாத்துக்கிட்டியா, நர்சம்மா?"

நான் எதுக்குப் பாக்கணும்? நான் நர்சு. ஊருக்கே சொல்றவ. எத்தனை பேரைப் பாத்திருப்பேன் இந்தக் கையால. அதைத்தான் சொன்னேன், எனக்கெதுக்குடின்னு. ஒருத்தி சிரிச்சா. அப்புறம் எல்லாரும் சிரிச்சாளுக. இவ சிரிக்கல. "அப்ப மொதல்ல நீ படு. நாங்க பாத்துட்டுப் படுக்கிறோம்"னா. இவ சொன்னா அவளுகளுக்கு வேதவாக்கு. எல்லாரும் பலகையைக் காட்டுறாளுக. அபிதா என்னைப் பாக்குறா. நான் மாட்டேன்னு எழுந்து வந்தா அன்னைக்கும் கணக்குல ஒண்ணுமில்லைன்னு எழுதணும். கடமைன்னு ஒண்ணு இருக்கே. படுத்தேன். அத்தனை பேர் நடுவுல. சேலையைக் கூடாரமாப் பிடிச்சுக்கிட்டு நின்னாளுக, அது வரைக்கும் அறிவு இருந்துச்சு. இவ என் தலைமாட்டுல உக்காந்துக்கிட்டா. கேட்டேனா நான்?

அபிதா டார்ச்சை அடிச்சுப் பாத்தா. பஞ்சை வச்சா. காத்திருந்தா. அப்புறம் மறுபடி குனிஞ்சு பாத்தா. எனக்கு அந்தக் கூரையில ஒரு ஓட்டை தெரிஞ்சுது, அதையே பாத்துக்கிட்டிருந்தேன். எங்காதுக்கிட்ட வந்து, "மேடம், டவுன்ல ஒரு தடவை காட்டிருங்க"ன்னா. ரகசியமாச் சொல்றாளாம். அந்தக் குடிசையில எறும்பு ஊர்ந்தாலே எல்லாருக்கும் கேக்கும்.

வெளிச்சம் பத்தல, அதான் விசயம். டார்ச்சுல பேட்டரி மங்கல். பொண்ணும் புதுசு. அனுபவம் வேணும் இதுக்கெல்லாம். அப்புறம் தூரமானவளுகளை விட்டுட்டு மத்தவளுக எல்லாரும் ஒருத்தி பின்னாடி ஒருத்தியாப் படுத்தாளுக, இவ உட்பட. எல்லாருக்கும் ஒண்ணுமில்லைன்னா அபிதா. அதையெல்லாம் சரியாத்தான் பாத்தா. நானே பக்கத்துல நின்னு கையெழுத்துப் போட்டேன்.

எனக்கென்ன இருக்கும்? தீட்டு நின்னு வருஷமாச்சு. அப்பப்ப லேசாப் படும். அது சூடு. நெஜமாவே சூடு, இவளுக சொல்ற மாதிரி இல்ல. மலைத் தண்ணி எனக்குச் சேராது. வெந்தயம் ஊற வச்சுக் குடிச்சுக்கிட்டிருக்கேன், இப்பப் பரவால்ல. முழுசா நிக்கலைதான், ஆனா பரவால்ல.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. இதையெல்லாம் ஒரு ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்றது? பையனுக்கு வேற பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். அம்மாக்காரிக்கு இப்படின்னு ஒரு பேச்சு கெளம்பினா எவன் பொண்ணு குடுப்பான்? நம்ம சனத்துல இதையெல்லாம் நாசூக்காத்தான் வச்சுக்கணும். மலைக்காரிங்க மாதிரி ஒளிக்கிறதில்ல இது. நாசூக்கு.

நான் போகாம ஒண்ணும் இல்ல. போன மாசமே கெளம்பினேன், இதே பஸ்ஸுல. கூட்ரோடு வரைக்கும் வந்துட்டேன். அங்க வந்ததும் கேஸை அணைச்சேனா இல்லையான்னு ஒரு சந்தேகம். அதோட எப்படி டவுனுக்குப் போறது? எறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிட்டேன். அணைச்சுத்தான் இருந்துச்சு. அடுத்த தடவை கூட்ரோடு வந்தப்ப வெயில் தாங்கல. வெயில்ல அலைஞ்சா சூடு கூடும்ல, அதனால எறங்கிட்டேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க.

இவ விட்டாளா? ஒவ்வொரு சந்தைக்கும் வந்து நின்னுருவா. ஊசி போட வரிசையில ஆள் நிக்கும், அத்தனை பேர் முன்னாடி, "நர்சம்மா, நீ போனியா?" எனக்கு மானம் போகும். ஒருநாள் போனேன்டி, பாத்தாங்க, ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னேன். "யாரு கூட வந்தா?"ங்கிறா. யாரும் வரலை, தனியாத்தான் போனேன்னேன். "அப்ப நீ போகலை"ன்னுட்டுத் தேன் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. என்ன ஒரு ஞாயம் பாரு. தனியாப் போனா போனதாகாதாம்.

நேத்து அபிதா வாயை விட்டிருக்கணும். நான் இன்னைக்கு லீவு சொல்லியிருக்கேன்னு. காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன், இவ உக்காந்திருக்கா. மடியில துணிப்பை, கையில எலுமிச்சம்பழம். பஸ்ஸு ஒத்துக்காதுன்னு இவளுக்கே தெரியும். வெள்ளச்சியைக் கொண்டுபோனப்ப ஒருதரம் டவுனுக்குப் போனதோட சரி, அதுக்கப்புறம் பஸ்ஸுல கால் வச்சதில்ல. சந்தைக்கே நடந்துதான் வருவா. நான் எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. பஸ் வந்துச்சு, நான் ஏறினேன், பின்னாடியே ஏறிட்டா. நான்தான் ரெண்டு டிக்கெட் எடுத்தேன். வேற யாரு எடுப்பா? வளைவுக்கு வளைவு என் மேலயே சாஞ்சு வாந்தி எடுக்குறா, இந்தச் சேலை போன பொங்கலுக்கு எடுத்தது. உனக்கென்னடி தலையெழுத்தா, உனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லியாச்சேன்னு கேட்டேன். என்ன சொல்லியிருப்பான்னு நெனைக்கிற? அதேதான்.

அப்பாடா, மலை எறங்கியாச்சு. புளியமரமெல்லாம் வந்துருச்சு. இனிமே நேர் ரோடுதான். நீ எங்க எறங்கணும்? டவுன் வரைக்குமா? சரி.

கூட்ரோடா வருது? அதுக்குள்ளயா? இந்தா, கண்டக்டர் கத்துறாரு பாரு.

கண்ணு, காலைக் கொஞ்சம் மடக்கு. பையை எடுத்துக்கிறேன். இல்ல, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, மீட்டிங் இன்னைக்கு இல்ல. நாளன்னைக்கு. தேதியைக் கொழப்பிக்கிட்டேன். வேலை அப்படி, தலைக்கு மேல. நகரு நகரு, பஸ் நின்னுருச்சு. என்ன பாக்குற நீ?

ஏய், நீ எதுக்குடி எந்திரிக்கிற? நிக்கக்கூட முடியல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஆடுறா. என்ன? என்ன சொல்ற?

"நீ எறங்கு, நர்சம்மா. நானும் எறங்குறேன். நீ திரும்பி மேல போனா நானும் மேல வாறேன். மறுக்கா நீ வரையில நானும் வாந்தி எடுத்துக்கிட்டு வாறேன். வெள்ளச்சி கூட ஒரு மழை கெடந்தேன். உங்கூடக் கெடக்க மாட்டனா?"

கேட்டியா கண்ணு. கேட்டியா இவ பேசுறதை. ஒரு நர்சைப் பாத்து. இத்தனை சனம் பாக்குது. இவளுக்கு என்ன தெரியும், அங்க போனா என்ன சொல்லுவாங்கன்னு? வெள்ளச்சிக்குச் சொன்ன அதே ரூம்ல, அதே பெஞ்சுல உக்கார வச்சு சொல்லுவாங்க. பேரைக் கூப்பிடுவாங்க, வத்சலான்னு, சத்தமா. நான் எழுந்து போகணும். போய், அங்க... உக்காருடி நீ. விழுந்து தொலைக்கப் போற. உக்காரு. நானும் உக்காந்துட்டேன், பாரு. போதுமா?

பயமா இருக்கு கண்ணு. ராத்திரி தூங்கி மாசக்கணக்காச்சு. போதுமா? வராததன் காரணம் கேட்டியே, எழுதிக்கோ. ஏன் எழுத மாட்டேங்கிற? கழுதைன்னா மட்டும் எழுதுவியோ?

என்னங்க கண்டக்டர்? தெரியும், டிக்கெட் கூட்ரோடு வரைக்கும்தான். நான்தான் எடுத்தேன், எனக்குத் தெரியாதா? விசிலை ஊதுங்க. ரெண்டு குடுங்க. எங்கயா? ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. பெரியாஸ்பத்திரி. ரெண்டு. என்ன, கேக்கலையா? முன்சீட்டு வரைக்கும் கேட்டுருச்சு, அவரு திரும்பியே பாத்துட்டாரு, உங்களுக்குக் கேக்கலையாக்கும்.

கண்ணு, அந்தக் கவரை இப்படிக் குடு. சீக்கிரம். இவளுக்கில்ல.

எனக்கு.